எரிமலை ஓய்ந்த நிலத்தைப் படமெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கேமரா வைத்திருக்கும் நண்பர்கள், அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள், விடுமுறைக்குப் பாலித் தீவுக்குப் போகத் திட்டமிடும் குடும்பங்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான். எரிமலை வெடித்து ஓய்ந்த பிறகு, அந்த நிலம் மறுபடி உயிர்பிடிப்பதை எப்படிப் படமெடுப்பது என்பதுதான் அவற்றின் சாரம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் எரிமலையே கிடையாது. நமக்கு எதற்கு இந்த வேலை?

எரிமலை கிடையாது என்பது சரி. ஆனால் அடிபட்ட நிலம் மீண்டு வருவதைப் பார்க்காத மாவட்டமா இது? 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையையும், 2017 நவம்பர் இறுதியில் அடித்த ஒக்கிப் புயலையும் கண்ட ஊர்கள் நம்முடையவை. ரப்பர் தோட்டம் வேரோடு சாய்ந்ததையும், அதே இடத்தில் மறு ஆண்டே கொடியும் புதரும் ஆளுயரத்துக்கு எழுந்ததையும் பார்த்த கண்ணுக்கு இந்தப் பாடம் புதிதல்ல.

எரிமலை இதையே அடியிலிருந்து தொடங்கிக் காட்டுகிறது. புயலுக்குப் பின் மண் மிஞ்சும், வேர் மிஞ்சும், விதை மிஞ்சும். லாவா ஓடிய இடத்தில் மண்ணே மிஞ்சாது. வெறும் பாறையிலிருந்து தோட்டம் வரையிலான பாதை முழுவதையும் ஒருவர் தன் ஆயுளுக்குள் படமெடுக்கக்கூடிய இடங்கள் உலகில் மிகக் குறைவு.

அண்ணாச்சி, மருந்துவாழ்மலை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததாமே? மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலும் எரிமலை மணல்தானா?

இரண்டும் இல்லை. நம் மாவட்டத்துப் பாறைகளில் பெரும்பகுதி சார்னோக்கைட், நைஸ் போன்ற உருமாறிய பாறைகள். பூமிக்குள் வெகு ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து, மேலே உள்ளவை தேய்ந்த பிறகு வெளியே தெரிபவை. கூம்பாக நிற்கும் மலையெல்லாம் எரிமலை என்றால் ஆரல்வாய்மொழியிலிருந்து பார்க்கையில் பாதி மலைத்தொடர் எரிமலையாகிவிடும். அனுமன் கொண்டுபோன மலையிலிருந்து விழுந்த துண்டு என்ற கதையை நம்புவதாவது அழகாக இருக்கிறது.

மணவாளக்குறிச்சி மணலின் கறுப்பு இல்மனைட் என்ற தாதுவால் வருவது. சிவப்பு கார்னெட்டால் வருவது. மலைப்பாறைகள் சிதைந்து, ஆறுகள் அவற்றைக் கடலுக்குக் கொண்டுவந்து, அலை கனமானதைக் கரையில் ஒதுக்கிவிட்டுப் போகிறது. பாலியிலும் ஹவாயிலும் உள்ள கறுப்புக் கடற்கரைகள் எரிமலைப் பாறை உடைந்து ஆனவை. பிறப்பு வேறு என்றாலும் கேமராவுக்கு இரண்டும் ஒரே தொல்லையைத்தான் கொடுக்கும். அதைக் கீழே வெளிச்சம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

வெடிக்கும்போது எடுத்தால்தானே படம்? ஓய்ந்த பிறகு வெறும் சாம்பலில் என்ன இருக்கிறது?

எல்லோருக்கும் நெருப்புத்தான் வேண்டும். 1980 மே 18 அன்று அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலை வெடித்தபோது 57 பேர் இறந்தார்கள். அவர்களில் ராபர்ட் லேண்ட்ஸ்பர்க் என்ற புகைப்படக்காரரும் ஒருவர். தப்ப முடியாது என்று தெரிந்ததும் பிலிமைச் சுருட்டிக் கேமராவைப் பையில் வைத்து, பையின் மேல் தன் உடம்பைக் கிடத்திக்கொண்டார். உடலைக் கண்டெடுத்தபோது பிலிம் பிழைத்திருந்தது. அந்தப் படங்களுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதைப் பார்த்து ஆசைப்படுபவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஓய்ந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அதே மலையின் வடபுறத்தைச் சொல்வேன். சுமார் 600 சதுர கிலோமீட்டர் காடு அன்று சில நிமிடங்களில் வீழ்ந்தது. வெந்த நுரைக்கல் (காற்றுக்குமிழிகள் நிறைந்த லேசான எரிமலைக் கல்) மூடிய சமவெளியில் ஓரிரு ஆண்டுகளில் முளைத்த முதல் செடிகளில் ஒன்று, லூபின் என்ற ஊதாப்பூச் செடி. அவரை, கொள்ளு குடும்பத்தைச் சேர்ந்தது. வேரில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைத் தனக்கு உரமாக்கிக்கொள்ளும். அது செத்து மட்கிய இடத்தில் அடுத்த செடி வந்தது.

இன்னொன்று, கோஃபர் என்ற வளை தோண்டும் சிறு பிராணி. வெடித்த நேரத்தில் மண்ணுக்குள் இருந்ததால் அவற்றில் பல பிழைத்துக்கொண்டன. அவை வெளியே தள்ளிய பழைய மண் சாம்பலின் மேல் கரிய குவியலாகக் கிடக்கும். உள்ளங்கை அகலமுள்ள அந்தக் குவியலில் ஒரு புல் நிமிர்ந்திருந்தால், மண்டியிட்டு அதை எடுங்கள். எரிமலை வாயின் படம் எல்லோரிடமும் இருக்கும். இது இருக்காது.

நம் ஊரிலிருந்து போக எந்த இடம் தோதானது?

முதலில் பாலியில் உள்ள பத்தூர் மலை. திருவனந்தபுரத்தில் ஏறி கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாறிப் போய்விடலாம். 1,717 மீட்டர் உயரம். 1926இல் லாவா அடிவாரத்துக் கிராமத்தையும் கோயிலையும் மூடியதால் ஊரே மேட்டுக்குக் குடிபெயர்ந்தது. 1960களில் ஓடிய கரிய லாவா வயலும், அதன் விளிம்பிலேயே வெங்காயமும் தக்காளியும் விளையும் நிலங்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எல்லோரும் இருட்டில் ஏறிச் சூரிய உதயத்தை எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சூரிய உதயம் நமக்குக் கன்னியாகுமரியிலேயே கிடைக்கிறது. அங்கே போனால் கீழே உள்ள லாவா வயலுக்கு ஒரு முழுக் காலையைக் கொடுங்கள்.

இந்தியாவில் உயிரோடு இருக்கும் எரிமலை அந்தமானில் உள்ள பேரன் (Barren) தீவு. நீண்ட உறக்கத்துக்குப் பின் 1991இல் விழித்தது. தீவில் இறங்க விடுவதில்லை. கப்பலிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஆடும் தளத்திலிருந்து எடுக்கும் படத்தில் செடியின் முளைப்பைத் தேட முடியாது.

பிள்ளைகள் அமெரிக்க மேற்குக் கரையில் இருந்தால் செயின்ட் ஹெலன்ஸ். மே 2023இல் நிலச்சரிவு ஒரு பாலத்தைக் கொண்டுபோனதால் ஜான்ஸ்டன் ரிட்ஜ் பார்வையாளர் மையத்துக்குச் செல்லும் பாதை அடைபட்டது. கிழக்குப் பக்கம் விண்டி ரிட்ஜ் என்ற பார்வையிடம் உண்டு. எதற்கும் புறப்படும் முன் சாலை நிலவரத்தைப் பாருங்கள். அங்கே பனிக்காலத்தில் பல சாலைகளை மூடிவிடுவார்கள்.

பெரிய லென்ஸ் வேண்டுமா? செல்போன் போதாதா?

செல்போன் போதும். ஆனால் அதில் உள்ள தானியங்கி அழகூட்டலை அணைத்துவிடுங்கள். அது பச்சையைக் கூட்டும், வானத்தை நீலமாக்கும். மீண்டுவரும் நிலத்தில் பச்சையின் அளவுதான் செய்தியே. கேமரா என்றால் 24 முதல் 70 மி.மீ. வரையிலான ஒரு லென்ஸ், அருகில் எடுக்க ஒரு மேக்ரோ, ஒரு முக்காலி. இவ்வளவே.

கறுப்பு லாவாவை எடுத்தால் வெளிறிய சாம்பல் நிறமாக வருகிறது. கேமரா கெட்டுவிட்டதா?

கெடவில்லை. தன் முன்னால் உள்ளதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணித்தான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. படச்சட்டம் முழுக்கக் கறுப்பு நிறைந்தால், இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். லாவாவுக்கு முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). வெளிறிய நுரைக்கல் சமவெளியில் இது தலைகீழ். அங்கே சற்றே கூட்ட வேண்டும். கறுப்பும் பனியும் ஒரே சட்டத்தில் வந்தால் ரா கோப்பாக (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தின் வலது முனை வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. மணவாளக்குறிச்சிப் பக்கம் பொதுமக்கள் போகும் கடற்கரையில், கறுப்பு மணல் ஒதுங்கிய இடத்தில் காலை ஏழு மணிக்கும் பகல் பன்னிரண்டுக்கும் எடுத்துப் பாருங்கள். உச்சிவெயிலில் மணலின் வரிவரியான அமைப்பே மறைந்துபோகும். காலையில் ஒவ்வொரு வரிக்கும் நிழல் விழும். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 பாகையில் இருக்கிறோம், பத்தூர் தெற்கே 8 பாகையில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் சூரியன் சீக்கிரமே தலைக்கு மேல் ஏறிவிடும். ஒன்பதரைக்குப் பிறகு நிலத்தோற்றத்தை விட்டுவிட்டு நிழலில் உள்ள பெரணியைத் தேடுவது நல்லது. செயின்ட் ஹெலன்ஸ் 46 பாகையில் இருப்பதால், கோடையில் அங்கே மாலை வெளிச்சம் நம் கணக்குக்கு அடங்காமல் நீளும்.

சாம்பல் தூசிதானே, துடைத்துவிட்டால் போகாதா?

துடைக்கவே கூடாது. அடுப்புச் சாம்பல் வேறு, இது வேறு. எரிமலைச் சாம்பல் என்பது பொடிந்த பாறையும் கண்ணாடித் துகளும். துணியால் துடைத்தால் லென்ஸில் கீறல் விழும். முதலில் காற்றுப் பம்பால் ஊதுங்கள், பிறகு மென்தூரிகை, அதற்கும் பிறகே துணி. வெளியில் லென்ஸ் மாற்றாதீர்கள். முன்னால் ஒரு சாதாரண வடிகட்டி போட்டுவைத்தால், கீறல் விழுந்தாலும் அதோடு போகும். சின்னமுட்டத்தில் அலைத்துளி தெறிக்கும் பாறையில் நின்று எடுத்துப் பழகியவர்களுக்கு இந்தச் சுத்தம் ஏற்கெனவே கைவந்திருக்கும்.

ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தை எடுக்க வேண்டும் என்கிறீர்கள். அதே இடத்தில் எப்படி மறுபடி நிற்பது? ஜி.பி.எஸ். போதாதா?

போதாது. சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். தூரத்து மலைக்கு அது பரவாயில்லை. பத்தடி முன்னால் உள்ள பாறைக்கு அந்தத் தள்ளல் படத்தையே மாற்றிவிடும்.

நம்ப வேண்டியது கண்ணை. அருகில் ஒரு பொருள், தொலைவில் ஒரு பொருள், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்படி நில்லுங்கள். அருகில் உள்ள பாறையின் இடது மூக்கு, பின்னால் உள்ள சிகரத்தின் பள்ளத்தைத் தொடுகிறதா? இதேபோல் வலப்பக்கம் இன்னொரு ஜோடி. இரண்டு ஜோடியும் பொருந்தும் இடம் பூமியில் ஒன்றே ஒன்றுதான். முதல் முறை எடுத்த படத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இடம் வலமாகவும் முன்னும் பின்னுமாகவும் அரை அடி அரை அடியாக நகர்ந்து அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். அடையாளமாக மரத்தை எடுக்காதீர்கள். மரம் வளரும், சாயும். சாம்பல் மேடும் மழையில் கரையும். உறுதியான பாறையோ தொலைவுச் சிகரமோதான் நம்பகமானது.

குறித்துவைக்க வேண்டியவை: லென்ஸின் குவியதூரம், தரையிலிருந்து கேமராவின் உயரம், திசைகாட்டி காட்டிய கோணம், தேதி, மணி, முந்தைய வாரம் மழை பெய்ததா என்பது. நிற்கும் இடத்தையும் ஒரு படம் எடுத்துவையுங்கள். முக்காலியின் கால்கள் எந்தக் கல்லின் பக்கத்தில் இருந்தன என்று அது சொல்லும். போலரைசர் என்ற பளபளப்பு வடிகட்டி வேண்டாம். ஈர லாவாவின் பளபளப்பை அது குறைக்கும். அடுத்த முறை அதே அளவில் குறைக்க உங்களால் முடியாது.

பருவமும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கு இரண்டு மழைக்காலம். மார்ச்சில் எடுத்த படத்தையும் ஜூலையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து, "பாருங்கள், எவ்வளவு பசுமை" என்று சொன்னால் அது மழையின் புகழ். நிலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நமக்கு ஆயுளில் ஒரு முறை போவதே பெரிது. அப்போது இதெல்லாம் வீண்தானே?

வீண் இல்லை. உங்களுக்கு முன்னால் ஒருவர் நின்ற இடத்தில் நீங்கள் நில்லுங்கள். ஹாரி கிளிக்கன் என்ற இளம் ஆய்வாளர் வெடிப்புக்கு முந்தைய நாள், 1980 மே 17 அன்று, வடக்கு மேட்டிலிருந்து செயின்ட் ஹெலன்ஸைப் படமெடுத்தார். அதே மேட்டிலிருந்து செப்டம்பர் 10 அன்று மறுபடி எடுத்தார். முதல் படத்தில் காடும் முழுக்கூம்பும் இருக்கும். அடுத்த படத்தில் குழிந்த வாயும் மொட்டை நிலமும். மலை 2,950 மீட்டரிலிருந்து 2,549 மீட்டராகக் குறைந்ததை எந்த வரைபடமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. (கிளிக்கன் 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்தார்.)

அமெரிக்க நிலவியல் துறை ஊழியர்கள் பணியில் எடுத்த இத்தகைய படங்கள் பொதுச்சொத்து, யாரும் பயன்படுத்தலாம். ஒன்றை அச்செடுத்துக்கொண்டு போய், மேலே சொன்ன ஜோடி பொருத்தும் முறையில் நின்று எடுத்தால், உங்கள் ஒரே படம் நாற்பது ஆண்டுத் தொடரின் கடைசிக் கண்ணியாகிவிடும். பாலியில் இப்படி ஆவணம் கிடைக்காவிட்டால், தேநீர்க் கடைச் சுவரில் மாட்டியிருக்கும் பழைய படத்தைக் கேட்டுப் பாருங்கள்.

ஊரிலேயே பழகுவதற்கு என்ன இடம் இருக்கிறது?

லாவாவுக்கு மிக நெருக்கமானது கைவிடப்பட்ட கல்குவாரி. மலையைக் குடைந்து போட்ட காயம்தான். ஆனாலும் மண்ணே இல்லாத மொட்டைப் பாறையில் உயிர் எப்படி ஏறுகிறது என்று அங்கே பார்க்கலாம். முதலில் வருவது வெள்ளையும் சாம்பலுமான திட்டுகள். நாம் குழம்பில் போடும் கல்பாசியின் உறவுக்காரர்கள். பிறகு மழை வடியும் கோட்டில் கறுப்பாகப் பாசி. பிறகு வெடிப்பில் ஒரு சிட்டிகை தூசி சேர்ந்து, அதில் பெரணி. அதற்கும் பிறகு, காகம் விழுங்கிய அத்திப் பழத்தின் விதை. ஹவாய் லாவாவிலும் ஏறக்குறைய இதே வரிசைதான். அங்கே முதலில் ஏறுவது கல்பாசி இனத்தைச் சேர்ந்த ஒரு சாம்பல் நிறக் குட்டை வளர்ச்சி, கூடவே பெரணி, பிறகு ஓஹியா மரக்கன்று.

உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, விளிம்பிலிருந்து தள்ளி நின்று எடுங்கள். தண்ணீர் நிறைந்த குவாரிக்குள் இறங்க வேண்டாம். வெடிப்பில் உள்ள பெரணியை எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒன்று, வைக்காமல் ஒன்று. அளவு தெரியாத பெரணி, காட்டுமரம் போலத் தோன்றிவிடும்.

மண் மிஞ்சிய நிலத்துக்குப் பழக, புயலில் விழுந்து மறுபடி நடாமல் விட்ட தோட்டம் ஏதாவது குலசேகரம், திற்பரப்புப் பக்கம் இருந்தால் பாருங்கள். அலையடித்த நிலத்துக்கு, மணக்குடிக் காயலின் அலையாத்திச் செடிகள். இந்த மூன்றையும் எடுத்தவர் செயின்ட் ஹெலன்ஸுக்குப் போனால், நுரைக்கல் சமவெளிக்கும் மரம் சாய்ந்த சரிவுக்கும் உள்ள வேறுபாடு பார்த்த மாத்திரத்தில் பிடிபடும்.

பச்சை தெரிந்துவிட்டால் "நிலம் மீண்டுவிட்டது" என்று படத்துக்குக் கீழே எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். ஹவாயில் ஒரே வயதுள்ள இரண்டு லாவாவில், மழை விழும் பக்கம் சில பத்தாண்டுகளில் பச்சையாகிவிடும்; மழை மறைவுப் பக்கம் நூற்றாண்டுகள் கடந்தும் கறுப்பாகவே கிடக்கும். குலசேகரத்தையும் ஆரல்வாய்மொழியையும் ஒரே நாளில் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே கறுப்பு புதியது, பச்சை பழையது என்று கண்ணால் வயது சொல்லாதீர்கள்.

எது மாற்றம், எது வெறும் அசைவு என்பதும் குழப்பும். செயின்ட் ஹெலன்ஸ் அடிவாரத்து ஸ்பிரிட் ஏரியில், அன்று வீழ்ந்த மரங்கள் இன்றும் மிதக்கின்றன. காற்றடிக்கும் பக்கம் அந்த மரப்பாய் நகரும். காலையில் எடுத்த படத்தில் ஏரி பாதி மரமாக இருக்கும், மாலையில் தெளிந்திருக்கும். இரண்டையும் சேர்த்து "ஏரி சுத்தமாகிவிட்டது" என்று போட்டால் பொய்.

அதேபோல், ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்றும் எழுதாதீர்கள். 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலைத் தீவு வெடித்து ஒன்பது மாதம் கழித்துப் போன பிரெஞ்சுக் குழு, தேடித் தேடிக் கண்டது ஒரே ஒரு சிறு சிலந்தியைத்தான். காற்றில் பறந்து வந்திருக்க வேண்டும். அகன்ற கோணப் படத்தில் அந்தத் தீவு செத்தே கிடந்திருக்கும்.

புகையே இல்லாத மலையில் என்ன ஆபத்து? முகக்கவசம் போட்டால் போதாதா?

நியூசிலாந்தின் வைட் தீவில் 2019 டிசம்பர் 9 அன்று, சுற்றுலா நடந்துகொண்டிருந்தபோதே நீராவி வெடித்து 22 பேர் இறந்தார்கள். நிலம் மீண்டுகொண்டிருக்கிறது என்பதற்கு மலை அடங்கிவிட்டது என்று பொருளில்லை. இந்தோனேசியாவில் நான்கு படிநிலையில் எச்சரிக்கை வெளியிடுகிறார்கள். அன்றைய நிலையைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். வழிகாட்டி "இன்று வேண்டாம்" என்றால் பேரம் பேசாதீர்கள்.

N95 முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கந்தக வாயுக்களும் கரியமில வாயுவும் காற்றைவிடக் கனமானவை. காற்றோட்டமில்லாத பள்ளத்தில் தேங்கும். பெரணி அழகாக இருக்கிறதென்று குழியில் இறங்கிப் படுத்துக்கொண்டு எடுப்பவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். மழை பெய்தால் ஆற்றுப்படுகையை விட்டு உடனே மேலேறுங்கள். பழைய சாம்பல் சேறாகப் பாய்வதற்குப் புதிய வெடிப்பு தேவையில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம்தான் நல்ல கோணம். இரண்டே அடி தாண்டினால் என்ன? ஒரு சின்னக் கல் எடுத்து வரலாமா?

இரண்டும் கூடாது. பத்தாண்டு வளர்ந்த பாசிப் படலம் ஒரு செருப்படியில் போய்விடும். செயின்ட் ஹெலன்ஸின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பாதையை விட்டு விலகினால் அபராதம் உண்டு. ஐஸ்லாந்து அருகே 1963இல் கடலிலிருந்து எழுந்த சர்ட்சே தீவில் ஆய்வாளர்களைத் தவிர யாரையும் விடுவதேயில்லை, விதை கூட நம்மோடு வந்துவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே புறப்படும் முன் செருப்பின் அடியையும் முக்காலியின் கால்களையும் கழுவிவிட்டுப் போங்கள்.

ட்ரோன்?

அந்தந்த இடத்தில் எழுத்தில் அனுமதி இருந்தால் மட்டும். முளைக்கும் செடி முழங்கால் உயரத்தில் இருக்கும்போது நானூறு அடி மேலே போய் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்பது என் தனிப்பட்ட முணுமுணுப்பு.

வீடு இழந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். இடிந்த வீட்டையும் அவர்களையும் எடுக்கலாமா?

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்களிடம் கேட்டால் பதில் கிடைக்கும். ஒக்கியில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளின் வாசலில் கேமராக்கள் எப்படி நின்றன என்று அவர்களுக்குத் தெரியும். கொட்டில்பாட்டில் அலையில் இறந்தவர்களைப் புதைத்த இடத்தில் நின்று செல்பி எடுப்பவரை நாம் என்ன நினைப்போமோ, அதையே அவர்கள் நம்மை நினைப்பார்கள்.

ஜாவாவின் மெராப்பி மலையில் 2010இல் எரிந்த வீட்டை, உருகிய பாத்திரங்களோடு ஒரு குடும்பமே காட்சியகமாக வைத்திருக்கிறது. அங்கே எடுக்கலாம், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் முதலில் கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டு வயலில் என்ன போட்டிருக்கிறீர்கள், விலை எப்படி என்று பேசுங்கள். விவசாயி தன் வெங்காயத்தைக் காட்ட விரும்புவார். இடிந்த சுவரைவிட, லாவாவை உடைத்துக் கட்டிய வரப்பும் அதற்குள் நிற்கும் பயிரும் அவர் எடுக்கச் சொல்லும் படம். நிலம் மீள்வதில் பாதி மனிதர் கைவேலை. அதை விட்டுவிட்டுச் செடியை மட்டும் எடுத்தால் தொடர் முழுமையாகாது.

எடுத்த படங்களை எப்படி வைத்துக்கொள்வது? பத்து ஆண்டு கழித்துத் தேடினால் கிடைக்க வேண்டுமே?

கோப்பின் பெயரிலேயே இடம், நின்ற புள்ளியின் எண், ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். தேதியில் ஆண்டு முதலில் வந்தால், ஒரே புள்ளியின் படங்களைக் கணினி தானாகக் காலவரிசைப்படுத்திவிடும். முதல் படத்துக்கு வைத்த வெள்ளைச் சமநிலையையே (நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) எல்லாப் படங்களுக்கும் வையுங்கள். ஒன்றைத் திருத்தினால் எல்லாவற்றையும் ஒரே அளவில் திருத்துங்கள். திருத்தாத மூலக்கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

இரண்டு வன்தட்டில் இரண்டு நகல், இரண்டும் வெவ்வேறு வீட்டில். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று சீக்கிரமே துருவேற்றும். வன்தட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, ஆண்டுக்கு ஒரு முறை திறந்து இயக்கிப் பாருங்கள். குறிப்புகளை மட்டும் காகிதத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா மை மழையில் கரையும்.